வடக்குச் சுவருக்கு வெயில் வராத மாதம்

சென்ற மாதம் எங்கள் பழைய டிராயிங் ஆபீஸில் ஒரு பணி ஓய்வு விழா. கேசரி, மிக்சர், பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகு பிரியதர்ஷினி என்ற புதிய பெண் என்னைத் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். திரையில் ஒரு கட்டடம். அவள் விரலை நகர்த்த நகர்த்த, காலை முதல் மாலை வரை நிழல் அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஊர்ந்தது. மாதத்தை மாற்றினாள், நிழலும் திசை மாறியது. "இது இல்லாம நீங்கள்லாம் எப்படி மேடம் டிராயிங் போட்டீங்க?" என்று கேட்டாள். கேலி இல்லை. அம்மியில் எப்படித்தான் அரைத்தீர்களோ என்று கேட்பதுபோல, கொஞ்சம் பரிதாபத்தோடு கேட்டாள். என்னைத் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வேன், பரிதாபப்பட்டால் எனக்கு ஆகாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சகுந்தலா. நெய்வேலி நகரியத்தில் கட்டடப் பிரிவின் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் ஸ்டாண்டு என்று இந்த ஊரில் நீங்கள் முட்டிக்கொள்ளும் சுவர்களில் பாதி என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும். கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனது. அதற்கு ஈடாகக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று வந்தபோது அண்ணன் ராணுவத்தில் இருந்தான், ஐ.டி.ஐ. முடித்திருந்த எனக்கு அது வந்தது. அப்பா நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "பர்மனென்ட்டா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

எனக்கு வாய்த்த மேலதிகாரி பொள்ளாச்சிக்காரர், திருமலைசாமி என்று பெயர். கடைநிலை ஊழியர் முதல் எல்லோருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அவர் தவறு கண்டுபிடிக்கும் விதமே தனி. திட்ட மாட்டார், சிவப்பு மையில் சுழிக்க மாட்டார். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, தாளில் தவறு இருக்கும் இடத்தில் படுக்கவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கண்டுபிடித்தவர்கள் திருத்திவிட்டுப் பென்சிலை அவர் மேசையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என் முதல் வரைபடத்தில் பென்சில் ஒரு குளியலறைக் கதவின்மேல் கிடந்தது. நெடுநேரம் முறைத்துப் பார்த்தேன். கதவைத் திறந்தால் குழாயடி வாளியில் இடிக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. அந்தக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள் இன்றுவரை என்னைச் சபிக்காமல் இருப்பதற்கு அந்தப் பென்சில்தான் காரணம்.

கோடுகளைப் பற்றி அவர் சொன்னதை இப்போது யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் பார்ப்பவர் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். வெட்டுப்பட்ட சுவருக்குத் தடித்த கோடு, கிட்டே இருப்பதற்கு நடுத்தரம், தூரத்தில் இருப்பதற்கு மெல்லிசு. ஒரு தட்டைத் தாளில் முன்னும் பின்னும் காட்டுவதற்கு அது ஒன்றுதான் வழி. முகப்புத் தோற்றம் எதுவானாலும் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். நேராகப் பார்த்தால் கண் கதவு, ஜன்னல் என்று பெயர் சொல்லிக்கொண்டே போகுமாம். தலைகீழாகப் பார்த்தால்தான் எங்கே கனம், எங்கே காலி என்பது தெரியுமாம். நான் வீட்டில் கல்யாண போட்டோவை அப்படித் திருப்பிப் பார்த்து, என் கணவர் பக்கம்தான் கனம் அதிகம் என்று கண்டுபிடித்தேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முகப்புக்கு நிழல் தீட்டும்போது வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து சாய்வாக விழுவதாக வைத்துக்கொள்வோம். எல்லா வரைபட அலுவலகங்களிலும் அதுதான் முறை. கிழக்கு முகப்பு, வடக்கு முகப்பு என்ற பேதமெல்லாம் கிடையாது. எங்கள் ஆபீஸில் சூரியன் எப்போதும் இடது மேல் மூலையில்தான் உதிப்பார்; சாயங்காலம் ஆனாலும் அங்கேயேதான் நிற்பார். இது எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை.

நகரியத்தில் ஒரு பிளாக்கில் புதிதாகச் சமுதாயக் கூடம் கட்டினார்கள். மேடை வடக்குக் கோடியில் இருந்ததால் அந்தப் பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாது. சாலையோரம், பஸ் நிறுத்தத்தை ஒட்டி, மொட்டையாக ஒரு பெரிய சுவர். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. அத்தனை வருடத்தில் நான் வரைந்ததெல்லாம் பிறர் யோசித்தது. பொறியாளர் கிறுக்கித் தருவார், நான் அழகாக்குவேன். அந்தச் சுவருக்கு மட்டும் நானே யோசித்தேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு புடைப்புச் சிற்பத்துக்கு முகப்பு வரைந்தேன். கீழே பழுப்பு நிலக்கரிப் படுகை, அதன்மேல் களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காக. நடுவில், விளிம்பெல்லாம் வாளிகளோடு மண் வெட்டும் சுரங்க இயந்திரத்தின் பெரிய சக்கரம். மேலே, மண்மேட்டின் விளிம்பில், தலையில் சட்டி சுமந்து நடக்கும் பெண்களின் வரிசை. திருமலைசாமி சார் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பென்சில் காதிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

மேலிடத்து அதிகாரிக்கு அரைமனது. அவருக்குப் பளபளவென்று கிரானைட் டைல்ஸ் ஒட்டினால்தான் கட்டடம் மாதிரி இருக்கும். சிற்பம் சரியாக வராவிட்டால் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுவோம் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். டைல்ஸையும் முன்கூட்டியே வரவழைத்து ஸ்டோரில் அடுக்கிவிட்டார். தன் சுவரைப் புதைக்கும் கல் பக்கத்து அறையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே வேலை செய்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சுதை வேலைக்கு வடலூர்ப் பக்கத்திலிருந்து கலியபெருமாள் வந்தார். ஊர் ஊராக அய்யனார் குதிரை செய்தவர். அடக்கம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். வந்த அன்றே என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பொம்பளை நல்லாத்தான் போட்டிருக்கீங்க, ஆனா சட்டி தூக்குனவ கழுத்து இவ்ளோ நீளமா இருக்காது என்றார். நானும் விடவில்லை, அவரையே ஒரு சட்டியைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். அவர் சொன்னதுதான் சரி. கழுத்தைக் குறைத்தேன்.

வரைபடத்தில் கட்டம் போட்டு, சுண்ணாம்பில் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துத் தெறித்து, அதே கட்டங்களைப் பெரிதாக விழவைத்தோம். ஒரு கட்டத்துக்குள் இருப்பதை ஒரு கட்டத்துக்குள் மட்டும் பார்த்து ஏற்ற வேண்டும். முழு உருவத்தைப் பார்த்தால் கை தப்பும். பிறகு கம்பி வலை அடித்து, முரட்டுக் கலவை பூசி, அதன்மேல் மெல்லிய கலவையில் உருவம் எடுப்பது. முதலில் மாதிரிக்கு ஒரு பெண் உருவத்தை மட்டும் செய்தோம். அது ஆனி மாதம். உச்சி வெயில் சுவரின் மேல்முனையிலிருந்து அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டு விரல் கனப் புடைப்புக்கு ஒரு சாண் நிழல். சேலை மடிப்பு, முழங்கை எலும்பு எல்லாம் துலங்கின. பார்க்க வந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். கலியபெருமாள் கும்பிடு போட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

அந்தத் தெம்பில் மொத்தச் சுவரையும் அதே கனத்தில் செய்தோம். ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் கட்டினோம். மார்கழியில் சாரத்தைப் பிரித்தபோது நான் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். சுவரில் ஒன்றுமே இல்லை. இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி சாம்பல் நிறத்தில் தட்டையாக நின்றது. கிட்டே போய்க் கையால் தடவினால் எல்லாம் இருந்தது. நாலடி விலகினால் காணோம். மேலிடத்து அதிகாரி வந்து பார்த்துவிட்டு, பூச்சு வேலை கொஞ்சம் மேடுபள்ளமா இருக்கேன்னு நினைச்சேன், இதுதான் சிற்பமா என்று கேட்டார். பொங்கல் கழித்துத் திறப்பு விழா. போகி அன்று டைல்ஸ் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

கலியபெருமாள் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிப்பொழுது. எல்லோரும் எங்கள் சுவரை ஒட்டி வரிசையாக நின்றிருந்தார்கள்.

"ஆனியில இவங்கல்லாம் அந்த வேப்பமரத்தடிக்கு ஓடிக்கினு இருந்தாங்க மேடம். இப்ப நம்ம செவுத்து நெழல்ல நிக்கிறாங்க. சூரியன் அந்தாண்ட போயிட்டாரு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நெய்வேலியில் சித்திரையிலிருந்து ஆடி வரைதான் சூரியன் உச்சியில் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் அது தெற்கே போய்விடும். நடுப்பகல் வெயில் வடக்குச் சுவரை எட்டிப் பார்ப்பதே இல்லை. வருடத்தில் பெரும்பாலான நாள் நிழலில் கிடக்கப்போகும் சுவருக்கு, வெயில் விழும் மாதத்தில் மாதிரி பார்த்திருக்கிறோம். அதற்கு முன்பே, இடது மேல் மூலை வெளிச்சத்தை வைத்து நிழல் தீட்டி, அதற்குக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். விவசாயி மகள் நான். எங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

திருமலைசாமி சாரிடம் முகப்பு வரைபடத்தைக் கொண்டுபோனேன். அவர் அதை விரித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். இடது மேல் மூலையில், எதுவுமே வரையாத வெற்றிடத்தில், அதைப் படுக்கவைத்தார். இந்த முறை டீ குடிக்கப் போகவில்லை.

"இந்த வெளிச்சம் எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டார். பிறகு அவரே, "நானும்தானுங்க கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பேருமே ஏமாந்துட்டம். சரி, இனி என்னங்க பண்றது?" என்றார்.

அன்று பலர் பல யோசனை சொன்னார்கள். மின்விளக்கு போடலாம் என்றார் ஒருவர். பட்டப்பகலில் விளக்கை எரியவிட்டு யாருக்குக் காட்டுவது? பெயின்ட் அடிக்கலாம் என்றார் இன்னொருவர். அதைக் கேட்ட கலியபெருமாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, பொம்மைக்குப் பவுடர் பூசுற வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க என்று கிளம்பிவிட்டார். அவரை டீக்கடைவரை துரத்திப் போய்க் கூட்டிவந்தேன். சார் மட்டும் ஒன்று சொன்னார்: வெயிலே படாத கோயில் மண்டபத்துக்குள் சிற்பம் தெரிகிறதே, அது எப்படி என்று போய்ப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கலியபெருமாளும் நானும் பஸ் பிடித்து விருத்தாசலம் பக்கத்தில் ஒரு பழைய கோயிலுக்குப் போனோம். வெளிச்சுவரில் வெயிலில் இருந்த உருவங்கள் மெல்லிசாகப் புடைத்திருந்தன. உள்ளே இருட்டு மண்டபத் தூணில் இருந்த குதிரைக்காரனோ பத்தடி தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தான். கிட்டே போய்க் குதிரைக் காலுக்குப் பின்னால் விரலை விட்டேன். இரண்டாம் கணுவரை உள்ளே போனது. செதுக்கியவர் விளிம்புக்குப் பின்னால் கல்லைக் குடைந்து எடுத்திருக்கிறார். எந்த மாதமானாலும், எந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தாலும், அந்தக் குடைவுக்குள் இருட்டு இருக்கும். வெளியிலிருந்து வரும் நிழலை அவர் நம்பவில்லை, கல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார். கலியபெருமாளும் விரலை விட்டுப் பார்த்தார். "செய்யலாம்" என்றார். அவர் வாயிலிருந்து ஒற்றை வார்த்தை வந்தது அன்று ஒரு தடவைதான்.

ஆனால் எங்கள் சுவர் கல் அல்ல. இறுகிப்போன சிமென்ட் பூச்சு, உள்ளே கம்பி வலை, அதற்குப் பின்னால் செங்கல். சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாரத்தைத் தூண்கள் தாங்குகின்றன, இது இடையில் நிரப்பிய சுவர்தான், ஒன்றரை அங்குலம் குடைந்தால் ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அரசாங்க நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கே குடைவது, எவ்வளவு குடைவது என்பது என் வேலை. எல்லா விளிம்பையும் ஒரே ஆழத்தில் குடைந்தால் எல்லாம் கறுத்துச் சல்லடையாகிவிடும். மறுபடி கட்டிய சாரத்தில் நான் சிவப்புச் சுண்ணக்கட்டியோடு ஏறினேன். ஒரு பெண்ணின் தோள் பின்னால் வருபவளை மறைக்கும் இடத்தில் தடித்த கோடு: அங்கே முழு ஆழம். முகத்துக்கும் சட்டிக்கும் இடையில் நடுத்தரம். மண் அடுக்குகளுக்கு மெல்லிசு: வெறும் கீறல். இத்தனை வருடமாகத் தாளில் போட்ட கோட்டைச் சுவரில் போட்டேன், அவ்வளவுதான். கலியபெருமாள் அதன்மேல் உளி வைத்தார். மெஷின் வேண்டாம், அதிர்ந்தால் பூச்சு உரிந்துவிடும் என்று சின்ன உளியாலேயே கொத்தினார். கொத்துவதற்கு முன் ஒவ்வொரு இடத்தையும் நாணயத்தால் தட்டிப் பார்ப்பார். டங்கென்று கேட்டால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. டொக்கென்று கேட்டால் உள்ளே காற்று, அங்கே முதலில் சிமென்ட் பால் விட்டு இறுகவைக்க வேண்டும்.

பாதிச் சுவர் முடிந்த நிலையில், வரிசையில் முன்னால் நிற்கும் பெண்ணின் கை உடைந்தது. சட்டியைப் பிடித்திருந்த கை. முழங்கையோடு விழுந்து சாரத்துப் பலகையில் நாலாகச் சிதறியது. கலியபெருமாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போகிக்கு இன்னும் சில நாள்தான். கீழே ஸ்டோரிலிருந்து லாரியில் டைல்ஸ் பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து, தோளில் மிச்சமிருந்த கம்பியை இழுத்துப் பார்த்தார். சட்டிவரை எட்டாது. கம்பியைக் கீழ்ப்பக்கமாக வளைத்தார்.

"கைய இடுப்புல வச்சிக்கினு நிக்கட்டும். பழகுனவ சட்டியப் புடிக்க மாட்டா" என்றார்.

போகிக்கு முதல் நாள் சார் அதிகாரியிடம் போய், திறப்பு விழா காலையில் நீங்கள் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று தவணை வாங்கிவந்தார். எப்படிக் கேட்டார் என்று தெரியாது. வெளியே வரும்போது சட்டை நனைந்திருந்தது.

திறப்பு விழா அன்று காலை பனி. தை மாதத்துப் பனி நகரியத்தில் மரங்களையே மறைத்துவிடும். வெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைவிட மோசமான வெளிச்சம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். அதிகாரியின் கார் வந்தது. ரிப்பன் கட்டியிருந்த வாசல் பக்கம் போக இறங்கியவர், சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். பனிக்குள்ளிருந்து பெண்கள் சட்டியோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். சக்கரத்தின் ஒவ்வொரு வாளியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவர் மெதுவாகச் சுவர்வரை போய், முன்னால் நிற்பவளின் தோளுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சாரைக் கூப்பிட்டு, அந்த டைல்ஸை பாத்ரூமுக்குப் போட்டுடுங்க என்றார். நல்ல டைல்ஸ்தான். அந்தக் கூடத்தின் கழிவறை போல் நகரியத்தில் இன்னொன்று கிடையாது.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், கலியபெருமாளுக்கும் போர்த்தினார்கள். அது பரவாயில்லை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. கார்களெல்லாம் போன பிறகு, பந்தல் குப்பையைப் பெருக்க ஒப்பந்தத் தொழிலாளர் பெண்கள் வந்தார்கள். சுவருக்கு அடியில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தால், அவர்களில் அஞ்சலையும் செல்வியும் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது நான்தான்டி. இடுப்புல கைய வச்சிக்கினு நிக்குது பாரு, வேற யாரு இப்படி நிப்பா?" என்றாள் அஞ்சலை.

"மூக்குத்தியப் பாரு. என்னுது அது" என்றாள் செல்வி.

நாங்கள் மூக்குத்தி வைக்கவே இல்லை. உளி சற்று வழுக்கிய இடத்தில் ஒரு பொட்டு நிழல் தங்கியிருந்தது. கலியபெருமாள் பொன்னாடையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, ரெண்டு பேருமே இல்ல, அது எங்க வூட்டுக்காரி என்று மூன்றாவதாக ஒரு வழக்கைக் கிளப்பினார். பெண்கள் அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்கள். வரைந்தது நீங்கதானே, யாரு அதுன்னு நீங்களே சொல்லுங்க மேடம் என்றார்கள்.

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. போன மாதம்வரை ஒரு ஆள்கூடத் தெரியாத சுவர்; இப்போது ஒரு ஆளுக்கு மூன்று பேர் போட்டி. பஸ் வரும்வரை அவர்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.